டீச்சர் வீட்டுப் பின்பக்கம்

ஒபேரா, ஆர்ஜென்டினா
07.09.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி ரமேஸ் எழுதுவது. நானும் ஜீவராணியும் பிள்ளை யதுர்ஷாவும் உயிரோடு வந்து சேர்ந்தோம். சுகம் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

போனில் முகத்தைக் காட்டிப் பேசுவது கூத்தாடிகள் வேலை, எனக்கு எழுத்தில் எழுது என்று கட்டளை போட்டீர்களே, அதன்படி தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். முஸ்தாக் நானாவின் போட்டோகொப்பிக் கடைக்கு வரும். அவர் மனைவி முஷ்ரிபா அச்செடுத்து வீட்டில் கொண்டுவந்து தருவார். உங்கள் பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

நான்கு விமானம், இரண்டு நாள். கடைசியாகப் போசாதாஸ் என்ற ஊரில் இறங்கினோம். வாசலில் ஒருவன் பலகை பிடித்துக்கொண்டு நின்றான். அதில் ஒரே ஒரு பெயர்தான்: இன்ஹெனியேரா ஜீவராணி. இன்ஹெனியேரா என்றால் இவர்கள் பாஷையில் பெண் இஞ்சினியர். தேயிலை ருசி பார்க்க வந்தவளுக்கு இஞ்சினியர் பட்டம்! தேங்காய் திருவுகிறவனையும் இங்கே டொக்டர் என்பார்கள் போலிருக்கிறது. அவளுடைய தோள்பையை அவன் மரியாதையோடு வாங்கிக்கொண்டான். மிச்சம் மூன்று பெட்டியையும் காலால் என் பக்கம் தள்ளிவிட்டான்.

அங்கிருந்து ஒபேராவுக்குக் காரில் ஒன்றரை மணித்தியாலம். மண் முழுக்க வெற்றிலை துப்பின சிவப்பு. சப்பாத்து, சுவர், நாய், எல்லாம் அதே சிவப்பு. பிள்ளையின் வெள்ளைக் காலுறை அரை நாளில் காவிச் சாமியார் ஆகிவிட்டது. இதைத்தான் நகரம் என்கிறார்கள். பண்டாரவளைச் சந்தியில் ஒரு சனிக்கிழமை கூடும் கூட்டம் இங்கே வருசம் முழுக்கச் சேர்த்தாலும் கூடாது. பகல் பன்னிரண்டரைக்கு எல்லாக் கடையும் சாத்திவிட்டு ஊரே படுத்துவிடும். நாலு மணிக்கு எழும்பி, தூங்கி எழுந்ததற்கு ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள்.

தேயிலை விளையும் ஊரில் ஒருவரும் தேநீர் குடிப்பதில்லை. மாத்தே என்று ஒன்று. சின்னச் சுரைக்குடுக்கையில் ஏதோ பச்சைத் தழைத் தூளைப் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, ஒரே உலோகக் குழாயில் ஆறு பேர் மாறி மாறி உறிஞ்சுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரி எனக்கும் நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சைகையில் சொல்லித் தப்பினேன். சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கிறது தெரியுமா? மரவள்ளிக் கிழங்கு! உலகத்தின் மறுபக்கத்துக்கு விமானம் ஏறி வந்து மரவள்ளி தின்கிற முதல் குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

ஜீவராணி திங்கட்கிழமை பெக்டரிக்குப் போகிறாள். நான் வீட்டில். லீசிங் கம்பனியில் டை கட்டி உட்கார்ந்திருந்தவன், இங்கே அடுப்புப் பற்றவைக்கும் உத்தியோகம் ஏற்றிருக்கிறேன். தெருவில் என்னை இன்ஹெனியேராவின் புருஷன் என்கிறார்கள். என் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

அவள் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். "டீச்சர் சொகமா இருக்காங்களான்னு கேளுங்க" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருசம், இன்னும் டீச்சர்தான்.

உங்கள் கையால் வளர்ந்த,
ரமேஸ்


ஹல்துமுல்லை
22.09.2024

அருமைத் தம்பி ரமேசுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. ஏழு எழுத்துப்பிழை. சந்திப்பிழையைக் கணக்கெடுக்கவில்லை, எடுத்தால் எனக்கு இரத்த அழுத்தம் கூடும். முப்பத்தொரு வருசம் தோட்டத்துப் பாடசாலையில் ஊரார் பிள்ளைக்கெல்லாம் தமிழ் படிப்பித்த எனக்கு, என் வீட்டுப் பிள்ளை இப்படி.

பலகையில் பெயர் எழுதிக்கொண்டு வந்து நின்றானாமே, அந்தப் பெயருக்குரியவளை ஆறாம் வகுப்பில் மூன்றாம் வாங்குப் பலகையில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். மூக்கொழுகிக்கொண்டு, பாவாடை ஓரத்தால் துடைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் முதலில் கையைத் தூக்குவாள். கணக்கில் கெட்டிக்காரி, மறுக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் வேறு, குடும்பம் வேறு. அவளுடைய அம்மா மூக்காயி கொழுந்துக்கூடையோடு நம் அப்பாவுக்கு முன்னால் செருப்புப் போட்டு நடந்ததில்லை. பெரிய கணக்கப்பிள்ளையான அப்பா வேலை ஏவ வருகிறார் என்றால் லயத்து வரிசை வீட்டு வாசலில் எழும்பி நிற்பாள். அந்த லயத்திலேயே நீ போய்ப் பெண் எடுத்தாய். நான் வாய் திறக்கவில்லை. அம்மா செத்தபோது உனக்கு ஆறு வயது. உனக்காகவே வந்த மூன்று சம்பந்தத்தையும் வேண்டாம் என்றேன். அப்படிப்பட்டவள் உன் கல்யாணத்துக்கு மட்டும் குறுக்கே நிற்பேனா? நிற்கவில்லை. வாசலில் கோலம்கூடப் போட்டேன்.

இப்போது அவள் சம்பாதிக்க, நீ சமைக்கிறாய். நல்லது. எதற்கும் ஒரு முதல் ஆள் வேண்டுமே. நம் பரம்பரையில் பெண்டாட்டிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் கடந்த முதல் ஆண் நீதான்.

இங்கே புதினம் ஒன்றும் இல்லை. காலையில் பனி, பின்னேரம் மழை. எல்லவைச் சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் இப்போது இந்தப் பக்கமும் இறங்கி, லயத்து வாசலில் காயும் சேலையைப் படம் எடுக்கிறார்கள். நாறுகிற சேலையிலும் அவர்களுக்கு ஏதோ அழகு தெரிகிறது. நீ அங்கே போய் அவர்கள் எச்சில் குடுக்கையைப் படம் எடு. சரிக்குச் சரி.

பிள்ளைக்குத் தமிழ் எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள். அவளுடைய தாயிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதே.

அன்புள்ள அக்கா,
விஜயலெட்சுமி


ஒபேரா
14.10.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இந்த முறை ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் பார்த்து எழுதுகிறேன். இதிலும் பிழை இருந்தால் இந்த ஊர்த் தண்ணீரின் குற்றம்.

யதுர்ஷா பள்ளிக்கூடம் போகிறாள். இங்கே பிள்ளைகள் எல்லாரும் உடுப்புக்கு மேல் வெள்ளைக் கோட் போடுகிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் நூறு குள்ள டொக்டர்கள் ஓடிவருவது போலிருக்கும். டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கன்னத்தில் முத்தம் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புகிறாள். நீங்கள் பிரம்போடு நிற்கும் வாசலை நினைத்துக்கொண்டேன். நம் பிள்ளை ஐந்து கிழமையில் அவர்கள் பாஷையில் சண்டை போடுகிறாள். எனக்கு இன்னும் உப்பு எங்கே என்று கேட்கத் தெரியாது.

கொழுந்து எடுக்கும் காலம் தொடங்கிவிட்டது. முதலாளி எஸ்தேவான் எங்களை மலைக்குக் கூட்டிப்போனார். மலை என்பது மரியாதைக்கு. சப்பாத்திக் கட்டையால் உருட்டின மாதிரி ஒரு சமவெளி. அதில் பஸ் உயரத்துக்கு ஒரு மெசின், தேயிலை வரிசைக்கு மேலே கால் பரப்பிக்கொண்டு வருகிறது. கீழே சலூன் மெசின் போல அலகுகள். கொழுந்து, தண்டு, முற்றல், காய்ந்த இலை எல்லாவற்றையும் மொட்டையடித்துப் பின்னால் தொட்டியில் கொட்டுகிறது. மேலே ஒரு பொடியன் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு இலை ஒரு மொட்டு மட்டும் கிள்ளு என்று சொல்லிச் சொல்லியே நாலு தலைமுறை முதுகு வளைந்த ஊர்க்காரன் நான். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஜீவராணி கேட்டாள், இந்த மெசின் ஒரு நாளில் எத்தனை பேர் வேலை செய்யும் என்று. அறுபது, எழுபது பேர் என்றார் முதலாளி. அவள் சிரித்தாள் அக்கா. சும்மா சிரிப்பல்ல. வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தன் மெசினைப் புகழ்கிறாள் என்று நினைத்து முதலாளியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காரில் வரும்போது கேட்டேன், "அவரு முன்னாடி இப்பிடியா இளிக்கிறது?"

"அம்மாவ நெனச்சேன்" என்றாள். "அந்த மெசின அட்ட கடிக்காதில்ல."

அதற்குப் பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். லயத்துப் புத்தி, எங்கே போனாலும் அட்டைதான் ஞாபகம் வரும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ருசி பார்க்கும் அறைக்கு என்னையும் வரச் சொன்னாள், மொழிபெயர்க்கும் போனைப் பிடிக்க ஆள் வேண்டுமாம். ஒரு கையில் போன், மறு கையில் அவளுடைய பை. இருபத்திரண்டு கோப்பை வரிசையாக இருந்தது. உறிஞ்சினாள், துப்பினாள், உறிஞ்சினாள், துப்பினாள். கடைசியில் என் பக்கம் திரும்பித் தமிழிலேயே சொன்னாள், "இது தேயில இல்லங்க. வைக்கோல் கழுவுன தண்ணி." போனுக்குத் தமிழ் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். அது ஒரு பெண் குரலில், தேனாய், அவர்கள் பாஷையில் அதை அப்படியே ஒப்பித்துவிட்டது.

இருபது வருசமாக அங்கே ருசி பார்க்கிற கிழவனின் முகம் இந்த ஊர் மண்ணைவிடச் சிவந்தது. எங்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். அவள் வெளியே நடந்து, கொழுந்து குவித்து நின்ற வண்டியில் கையை முழங்கை வரை விட்டாள். முதலாளியையும் விடச் சொன்னாள். விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே அவ்வளவு சூடு. காலையில் வெட்டினது பின்னேரம் வரை வெயிலில் குவியலாகக் கிடந்து வண்டியிலேயே வெந்துபோகிறது. இதை இத்தனை வருசமாக ஒருவனும் தொட்டுப் பார்க்கவில்லை. அடுத்த நாளிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வண்டி வர வேண்டும் என்று உத்தரவு. அந்தக் கிழவன் இப்போது அவளுக்குக் கதவு திறந்துவிடுகிறான்.

சொல்ல மனமில்லை, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? அவள் கையை விட்டு நின்ற அந்த நிமிசம், என் கையில் இருந்த பை எனக்குப் பாரமாகத் தெரியவில்லை.

அன்புள்ள தம்பி,
ரமேஸ்


ஹல்துமுல்லை
02.11.2024

தம்பி ரமேசுக்கு,

நான்கு பிழை. முன்னேற்றம்.

மற்றதில் முன்னேற்றம் தெரியவில்லை. பை பாரமாக இல்லையாம்! கழுதைக்கும் பழகிவிட்டால் பாரம் தெரியாது. குவியலில் கையை விட்டுச் சூடு பார்ப்பதற்கு இஞ்சினியர் படிப்பு எதற்கு? இடுப்பில் சாக்குக் கட்டிக் கொழுந்து எடுக்கிற பெண்டுகள் எல்லாருக்கும் தெரிந்த விசயம். அந்த வெள்ளைக்காரன் அவள் கழுத்தில் மாலை போடாத குறை. மூக்கில்லாத ஊரில் மூக்குத்தி போட்டவள் மகாராணி.

போன கிழமை அந்த மூக்காயி வந்தாள். கையில் ஒரு போன். மகள் வாங்கிக் கொடுத்ததாம். பேத்தி வெள்ளைக் கோட்டோடு நிற்கும் படத்தைக் காட்ட ஹல்துமுல்லைக்கு மூன்று மைல் நடந்து இறங்கியிருக்கிறாள். வாசலுக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே வா என்று சொல்லவில்லை, அவளும் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடைமுறை தெரியும். படத்தைப் பார்த்தேன். பிள்ளை மெலிந்திருக்கிறாள். மரவள்ளிக் கிழங்கோடு மீனாவது கொடு.

"டீச்சர், ஒங்க கைக்குள்ள வளந்த தம்பி, எம்மகள நல்லாப் பாத்துக்குறாரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கூரையில் ஒரு தகரம் போய்விட்டது. ஆள் பிடித்துப் போட வேண்டும். நீ இருந்தால் நீ ஏறுவாய். இப்போது சமையலறையில் ஏறிக்கொண்டிருப்பாய்.

அக்கா,
விஜயலெட்சுமி


ஒபேரா
24.11.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தில் பிழை பார்க்க வேண்டாம், அவசரமாக எழுதுகிறேன்.

ஊரில் மழை விடவில்லை என்று செய்தியில் பார்க்கிறோம். மேல் டிவிசனில் நாலாம் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருக்கிறதாம். மண்சரிவு எச்சரிக்கை கொடுத்து எல்லாரையும் இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஜீவராணியின் அம்மா, மாமி, இன்னும் இறங்கவில்லை. கோழியை விட்டுவிட்டு எப்படி வருவது என்கிறாராம். பத்து வருசத்துக்கு முன்னால் லயத்தோடு மண்ணுக்குள் போன மீரியபெத்த நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கேயும் முதலில் வெடிப்புத்தான் தெரிந்தது. அந்தக் கிழமை நீங்கள் தேநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனதை நான் மறக்கவில்லை.

மழை விடும் வரை இரண்டு கிழமை, மாமியை நம் வீட்டில் வைத்திருங்கள். முன்னறை சும்மாதானே கிடக்கிறது. என் கட்டில் இருக்கிறது, என் போர்வை அலுமாரியில் இருக்கிறது.

இதை ஜீவராணி கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். நான் சொன்னதும் அவள், "டீச்சர் வீட்டுலயா? வேணாங்க. அம்மா ஸ்கூல் கேம்புல இருந்துக்கிரும்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அக்காவப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டிருக்க? வாய்தான் அப்பிடி. வாசலுக்கு வந்தவங்கள வெளிய நிப்பாட்டுற ஆளு இல்ல" என்று கத்திவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஆறு வயதிலிருந்து உங்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதுவும் ஒன்று.

தம்பி,
ரமேஸ்


ஹல்துமுல்லை
30.11.2024

தம்பி ரமேசுக்கு,

நீ கேட்டபடியே செய்துவிட்டேன். கிராம சேவகரிடம் சொல்லி ஆளனுப்பி, புதன்கிழமை மூக்காயியை இங்கே கொண்டுவந்தாயிற்று. கூடவே இரண்டு கோழியும் ஒரு தகரப் பெட்டியும். என் வீடு எப்போது சத்திரம் ஆனது என்று எனக்கே தெரியவில்லை. பரவாயில்லை, தம்பி கேட்டுவிட்டான்.

அவள் வசதியாக இருக்கிறாள். பின்பக்கம்தான் தனக்குத் தோது என்று அவளாகவே சொல்லிவிட்டாள். அவர்களுக்குக் கட்டிலும் மெத்தையும் விரித்துக் கொடுத்தால் தூக்கம் வராது, அது பழக்கம். மூன்று வேளையும் சாப்பாடு போகிறது. கோழிகளுக்கும் போகிறது. வெற்றிலைக்கும் குறைவில்லை. உன் பெண்டாட்டியிடம் சொல், டீச்சர் வீட்டில் அவளுடைய அம்மா பட்டினி கிடக்கவில்லை என்று. வேண்டாம் என்று சொன்னாளாமே, அந்தத் திமிருக்கும் சேர்த்துத்தான் நான் சோறு போடுகிறேன்.

உன் போர்வையைத் தேடினேன், பூச்சி அரித்திருக்கிறது. வெயில் வந்தால் காயப்போட வேண்டும்.

அக்கா,
விஜயலெட்சுமி


ஒபேரா
12.12.2024

அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று அதை ஜீவராணிக்கு வாசித்துக் காட்டினேன். திமிர் என்ற வரியை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் நல்ல குரலில் வாசித்தேன். பார்த்தாயா, எங்கள் அக்கா எப்படி என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அன்றைக்கு எனக்குப் பிடித்த மாதிரி ரசம் வைத்தாள்.

ஐந்து நாள் கழித்து முஷ்ரிபா போன் எடுத்தார். யதுர்ஷா படம் ஒன்று வரைந்து உங்களுக்கு அனுப்பியிருந்தாள். அதை அச்செடுத்துக்கொண்டு வந்து வாசலில் கூப்பிட்டிருக்கிறார், நீங்கள் வீட்டில் இல்லை. பின்னால் யாரோ இருமுவது கேட்டு வீட்டைச் சுற்றிப் போயிருக்கிறார். விறகு வைக்கிற கொட்டில். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் தார்பாய்ப் படங்கு. சாரல் உள்ளே அடிக்கிறது. மாமி ஈரச் சேலையோடு சாக்கில் உட்கார்ந்திருந்தாராம், உடம்பு கொதித்ததாம்.

"ஏன் உம்மா, இதுக்குள்ள இரிக்கிறீங்க?" என்று கேட்டாராம் முஷ்ரிபா.

"டீச்சர் வீட்டுக்கு ஆளுக வந்திருக்காங்க தாயி, எடமில்ல" என்றாராம் மாமி.

உங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. முஷ்ரிபாவுக்கும் அது தெரியும். அந்தக் கொட்டிலில் கிடந்துகொண்டு உங்கள் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார் அக்கா.

முஸ்தாக் நானா ஆட்டோவில் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நிமோனியா. நாலு நாள் ஒட்சிசன் வைத்தார்கள். இப்போது அவர்கள் கடைக்கு மேல் மாடியில், அவர்கள் சமைக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருக்கிறார். கோழிகளும் அங்கேதான்.

ஜீவராணி அழவில்லை. செய்தி கேட்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பின்னேரம் வந்து, "ஒங்களுக்குத் தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தெரியாது என்றேன்.

தெரியும் அக்கா. நீங்கள் பின்பக்கம் என்று எழுதினதை வாசித்த உடனே எனக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். பின்பக்கத்தில் அறை கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? அங்கே இருப்பது விறகும் காட்டுப்பன்றிக்கு வெட்டின பழைய குழியும்தான். ஆனாலும் என் அக்கா மனசு மாறி எங்கேயோ ஒரு அறை கட்டிவிட்டாள் என்பது போல வாசித்தேன். மாமியைவிட எனக்கு என் வார்த்தை ஜெயித்ததுதான் பெரிதாக இருந்தது.

அடுத்த நாள் ஜீவராணியிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்" என்றாள். "நீங்க அந்தக் கடுதாசிய வாசிச்ச கொரலு ஒங்க கொரலு இல்ல. அது டீச்சர் கொரலு. அந்தக் கொரலுல ஒன்பது வருசமா எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்க."

உங்களை வெறுக்கிறேன் என்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வெறுப்பு வரவில்லை. வருவது அதைவிடக் கேவலமான ஒன்று. முப்பத்தொரு வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருத்தி, குளிரில் கிடக்கிற மனுசிக்குப் போர்வையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் பூச்சி அரித்துவிட்டது என்று கதை கட்டுகிறாளே, இவ்வளவு சின்னவளா என்று இளக்காரமாக இருக்கிறது. உங்களைப் பார்த்து எனக்கு அப்படித் தோன்றும் என்று நான் நினைத்ததில்லை. கண்ணாடியில் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. எங்கிருந்து கற்றேன் என்று தேட வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் முதல் வாங்கில் இருந்தவன் நான்.

நாலு பேரிடம் சொல்லிச் சிரிக்க ஒரு புதினம் தருகிறேன். திங்கட்கிழமையிலிருந்து நான் பெக்டரியில் கொழுந்து வண்டி ஓட்டுகிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து கொட்ட வேண்டும். பிந்தினால் இன்ஹெனியேரா ஏசுவாள். நேற்று ஏசினாள், எல்லார் முன்னாலும். ஏசினது சரி.

மார்ச் மாதம் மாமி இங்கே வருகிறார். விசாவுக்கு எழுதிவிட்டோம்.

முஷ்ரிபாவிடம் இனிக் கடிதம் கொடுக்க வேண்டாம். வாங்க மாட்டார். நான் சொல்லிவிட்டேன்.

ரமேஸ்


ஹல்துமுல்லை
05.01.2025

தம்பி ரமேசுக்கு,

முஷ்ரிபா இதை வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கு யாருடைய தயவும் வேண்டாம், அரசாங்கத் தபால் இருக்கிறது. உன் வீட்டு இலக்கமும் தெருவும் எனக்குத் தெரியாது. நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. உன் பெயரையும் ஊர்ப் பெயரையும் நாட்டின் பெயரையும் எழுதிப் போடுகிறேன். தபால் கந்தோரில் இருந்த பெண் இதெல்லாம் போய்ச் சேராது மிஸ் என்றாள். நீ முத்திரையை ஒட்டு என்றேன். படித்த பிள்ளைகளுக்கு இப்போது இவ்வளவுதான் மரியாதை.

உன் கடிதத்தை வாசித்தேன். அக்காவுக்குத் தம்பி எழுதும் கடிதமா அது? இளக்காரமாம். எழுத்துக் கூட்டி வாசிக்க யார் சொல்லிக்கொடுத்தது, அந்த இளக்காரம் என்ற சொல்லை யார் சொல்லிக்கொடுத்தது என்று யோசித்தாயா? நான் சோறு போடவில்லையா? மழையில் நனையவிடவா கூப்பிட்டேன்? படங்கு கட்டத்தான் சொன்னேன். கட்டினவன் சரியாகக் கட்டவில்லை. அதற்கு நானா பொறுப்பு? முன்னறையில் அப்பாவின் படம் இருக்கிறது. அவர் படத்துக்குக் கீழே அவளைப் படுக்கவைத்தால் அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். இதையெல்லாம் விளக்க வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டாய்.

என்ன சொல்லி உன் மனதைக் கெடுத்தாள் என்று நேரில் கேட்கத்தான் வெள்ளிக்கிழமை போனேன். முஸ்தாக் கடைக்கு மேலே மரப்படி, என் முழங்காலுக்கு அது ஆகாது. ஏறினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று பாண் ஒரு றாத்தலும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டுதான் போனேன், அதையும் கேட்டுக்கொள்.

கதவு திறந்துதான் இருந்தது. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முஷ்ரிபா அவளுக்குச் சிக்கெடுத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நிற்கிறேன். என் நிழல் பட்டாலே எழும்புகிறவள், எழும்பவில்லை. முஷ்ரிபாவும் சீப்பை நிறுத்தவில்லை. அறையில் ஒரு கதிரை இருந்தது, அதில் துவைத்த துணி கிடந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

"எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"இருக்கேன் டீச்சர்."

அவ்வளவுதான். என்னைப் பற்றி முறைப்பாடு சொல்வாள், நான் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு போயிருந்தேன். அவளிடம் கோபம்கூட இல்லை தம்பி, கோபித்தாலாவது எனக்கு வாய் வந்திருக்கும். மழையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பாணையும் பழத்தையும் படிக்கு மேல் தட்டிலேயே வைத்தேன்.

"சரி, நான் வாறேன்" என்றேன்.

"போறப்போ கதவச் சாத்திட்டுப் போங்க டீச்சர்," என்றாள், "குளுருது."

என்னிடம். பெரிய கணக்கப்பிள்ளை மகளிடம், அவள், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு.

சாத்திவிட்டுத்தான் வந்தேன். சத்தம் வராமல் சாத்தினேன். பிறகு அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், முழங்கால் வலி.

பிள்ளைக்கு எத்தனையாம் வகுப்பு, எழுத்து மறக்காமல் இருக்கிறாளா என்று ஒரு வரி எழுது. உன் கையால் வேண்டாம் என்றால் அவளை எழுதச் சொல்.

விஜயலெட்சுமி